புதுவரவு அலமாரியில் ஞானசௌந்தரி

தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தே முடி நரைத்தவள் ஞானசௌந்தரி. ஓய்வு பெற்ற பிறகுதான் தனக்குள் இத்தனை குரல்கள் இருப்பது அவளுக்கே தெரிந்தது. பாளையங்கோட்டையில் அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு கிளை நூலகம். மே மாதமானால் அங்கே பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடக்கும். பழைய காலுறையைக் கையில் மாட்டி, பொத்தானில் கண் தைத்து, நரியும் நரியின் மாமியாரும் போடும் சண்டையை அவள் நடத்திக் காட்டினால், கத்திரி வெயிலை மறந்து பிள்ளைகள் தரையில் உருண்டு சிரிப்பார்கள்.

வசனம் எழுதிக் கொடுப்பவள் தேன்மொழி. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, நாள் தவறாமல் நூலகத்துக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறவள். வயதில் மகள் மாதிரி என்றாலும் ஞானசௌந்தரியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எதை எழுதினாலும் முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்டுவாள். மத்தியானம் இருவரும் புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவார்கள். உவரிக் கடற்கரை மீன் கிடைத்த நாளில் ஞானசௌந்தரியின் தூக்குச்சட்டியில் குழம்பு பாதி தேன்மொழிக்கு.

ஞானசௌந்தரிக்கு ஒரே மகன், ஷிபின். கனடாவில் இருந்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் கோயில் வேப்பமரத்தடியில் நின்று அவனோடு போனில் பேசுவாள். "குளிருக்குக் காதை மூடிக்கிடுப்பா. ரீபாவக் கேட்டதாச் சொல்லு" என்று முடிப்பாள். கடந்து போகிற பெண்கள், பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

போன வருட முகாமில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்திலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினாள். "ஆமாப்பா, முகாம் நல்லா நடக்கு. நீ எப்ப வருத?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, காதில் இருந்த போன் மணியடித்தது. ஏதோ விளம்பர அழைப்பு. எதிரே தேன்மொழி சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு ஞானசௌந்தரி எல்லாவற்றையும் சொன்னாள். ஷிபின் ரீபாவைக் கட்டிக்கொள்வது அவன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தன்று காலையில் ஞானசௌந்தரி ஊதாப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். "அந்தப் படி தாண்டுனா திரும்பி வராத" என்றார் கணவர். உள்ளே போய்ச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு வந்த மகன் மண் போட்டுவிட்டு அன்றே கிளம்பினான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். வருடக்கணக்காகப் பேச்சே இல்லை. மரத்தடியில் அவள் பேசியதெல்லாம் வெறும் போனில்.

"யாருட்டயும் சொல்லிராதட்டி" என்றாள்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்க்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் தேன்மொழி.

இந்த வருடம் முகாம் தொடங்கிய வாரமே புதுப் புத்தகக் கட்டுகள் வந்தன. நூலகர் மணிராஜ் பிள்ளைகள் முன்னால் வைத்துக் கயிற்றை அறுத்தார். அதில் தேன்மொழியின் முதல் நாவலும் இருந்தது. தான் பெற்ற பிள்ளை பரீட்சையில் ஜெயித்ததுபோல ஞானசௌந்தரிக்கு இருந்தது. ஒரு பொம்மைக்கு மூக்குக்கண்ணாடி போட்டு, கையில் பேனா தைத்து, அதைத் தேன்மொழி ஆக்கி, "நாந்தான் எழுத்தாளர்! எல்லாரும் கைதட்டுங்க!" என்று ஆடவிட்டாள். பிள்ளைகள் கூரை அதிரக் கைதட்டினார்கள். தேன்மொழி மட்டும் தலை நிமிரவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள் ஞானசௌந்தரி. புத்தகத்தை முதல் ஆளாக வீட்டுக்கு எடுத்துப் போனதும் அவள்தான்.

மூன்று அத்தியாயம் பெருமையோடு படித்தாள். நான்காவதில் எஸ்தர் என்று ஒருத்தி வந்தாள். கோயில் மரத்தடியில் நின்று, இல்லாத மகனோடு போனில் பேசுகிறவள். காதோடு இருந்த போன் மணியடித்தது. ஊதாச் சேலை வந்தது. காதை மூடிக்கொள்ளச் சொல்வதும் வந்தது. எழுத்து அத்தனை நன்றாக இருந்தது. எஸ்தருக்காக ஞானசௌந்தரிக்குக் கண் கலங்கியது. பிறகுதான் அது யார் என்பது நெஞ்சில் இறங்கியது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அடுக்குகளுக்குப் பின்னால் தேன்மொழியே வந்து நின்றாள்.

"பேர மாத்திட்டேனேக்கா."

"சேலைக் கலரையாவது மாத்திருக்கலாம்லாட்டி."

"ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருக்கேன். எழுதி முடிச்சதும் வாசிச்சவங்க அத்தன பேரும் அழுதாங்க."

"அப்ப எனக்கு முன்னாலயே பல பேரு வாசிச்சாச்சு. ஒரு வரி எழுதுனாலும் எனக்குல்லா முதல்ல காட்டுவ? இத மட்டும் ஏன் காட்டல?"

தேன்மொழி தரையைப் பார்த்தாள். "காட்டுனா வேண்டாம்னு சொல்லியிருப்பிய."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட ஞானசௌந்தரிக்கு மனசு ஆறியிருக்கும். தூக்குச்சட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நாவல் புதுவரவு அலமாரியில் தங்கவே இல்லை. கை மாறிக் கை மாறிப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் வேப்பமரத்தடியை அவளுக்கென்று காலியாக விட்டு, தள்ளிப் போய் நின்றார்கள். ஒருத்தி வந்து தோளைத் தொட்டாள். அந்தத் தொடுகை அடித்ததுபோல இருந்தது. போனைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அம்மா."

"ஷிபினா?"

"அங்க எவளோ என்னையும் ரீபாவையும் வச்சுக் கத எழுதியிருக்காளாமே. சித்தி மகன் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். நீங்கதான சொல்லிக் குடுத்திய?"

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லிப் பழகிய பேச்சு அத்தனையும் எங்கோ போய்விட்டது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"அங்கன குளிரு எப்படிப்பா இருக்கு?"

"மே மாசத்துல என்னம்மா குளிரு? கல்யாணத்துக்கு வர முடியல, ஊரு பூராம் சொல்லி அழ மட்டும் முடியுது."

வைத்துவிட்டான். அவள் திரும்பக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டபோது அதுவும் போகவில்லை.

இரண்டு நாள் அவள் நூலகத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் முகாமின் கடைசி நாள். பிள்ளைகள் தனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று எண்ணிக் கிளம்பினாள். தேன்மொழி எழுதிய வசனத்தைத் தொடவில்லை. ஆளுக்கொரு பொம்மையைப் பிள்ளைகள் கையிலேயே மாட்டிவிட்டு, "என்ன தோணுதோ பேசுங்க" என்றாள். ஒரே கூச்சல். நரி ஐஸ்கிரீம் கேட்டது, மாமியார் பஸ் ஓட்டினாள். தஸ்லிமா என்கிற தாய், மகளைக் கூட்டிப்போக வந்தவள், நின்று சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இவ இத வீட்லயும் செய்யுதாக்கா, தூங்க விடமாட்டேங்கா." நாவலை அவள் இன்னும் படிக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. ஞானசௌந்தரிக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

எல்லோரும் போன பிறகு தேன்மொழி பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, இதப் படிச்சிட்டு ஷிபினுக்கு மனசு மாறினாலும் மாறும். அதுக்காகவும்தான் எழுதுனேன். எதுவும் பேசினானா?"

ஞானசௌந்தரி அவள் முகத்தைப் பார்த்தாள். கவலை இருந்தது, பாசமும் இருந்தது. அவற்றுக்குப் பின்னால், அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கும் கண்ணும் இருந்தது.

"இல்ல, பேசல" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்ன அந்த நாளுக்குப் பிறகு அவள் தேன்மொழியிடம் சொன்ன முதல் பொய் அது. பொம்மைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு மணிராஜிடம் போய், அடுத்த வருடம் தன்னால் வர முடியாது என்றாள். மணிராஜுக்குக் காரணம் தெரியும். புத்தகத்தை அவர்தான் வாசகர்கள் எல்லோரிடமும் எடுத்து நீட்டியிருந்தார். "மன்னிச்சிருங்கம்மா, எனக்கு அப்பத் தெரியாது" என்றார். "உங்க மேல ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள். உண்மையாகவே இல்லை.

மறு வருடம் மே மாதம் மேலப்பாளையத்து நூலகத்துக்குப் பஸ் ஏறிப் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. முதல் நாளே அங்கிருந்த இளம் நூலகர் நஃபீஸத், நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள் என்று அன்பாக விசாரித்தாள்.

"ஒரு பையன் இருக்கான். பேச்சுவார்த்த கிடையாது" என்று நேராகச் சொன்னாள் ஞானசௌந்தரி. அந்தப் பெண் திகைத்து அடுத்த கேள்வியைத் தேடுவதற்குள், எழுந்து போய்ப் பிள்ளைகளை வட்டமாக உட்காரச் சொன்னாள்.