அம்மன் பாட்டின் பழைய ரெக்கார்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே எத்தனையோ ஆடி மாதங்கள் போய்விட்டன. சாமி காரியம், ஒரு சொல் பிசகினாலும் குற்றமாகிவிடும் என்று பயந்து பேனாவை மூடிவிடுவேன். இன்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் குஜிலியம்பாறைப் பக்கம், வானம் பார்த்த பூமி. திருவிழாவுக்குச் சாமி சாட்டினால் திண்டுக்கல்லிலிருந்து ரேடியோ செட்டுக்காரர் பேட்டரியோடு வந்து வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். அவரிடம் ஓர் அம்மன் பாட்டு ரெக்கார்டு உண்டு. தேய்ந்து தேய்ந்து, பாடுகிறவருக்கே சளி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. ஊசியை வைத்ததும் கடலை வறுக்கிற சத்தம். அதற்குள்ளிருந்துதான் பாட்டு வரும். அந்தப் பாட்டுக்குத்தான், உள்ளூரிலேயே வாக்கப்பட்டிருந்த என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அருள் வரும். அத்தை உத்தரவு சொன்னால்தான் முளைப்பாரி கிளம்பும்.

அந்த வருஷம் திண்டுக்கல் நாகல் நகரில் கடை வைத்திருந்த தாய்மாமா அதே பாட்டைப் புது ரெக்கார்டாக வாங்கி வந்தார். அம்மனுக்குத் தன் காணிக்கை என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். அத்தைக்கு மட்டும் வேறு கவலை. இந்த வருஷம் அருள் வராவிட்டால் அருள் வந்தவள் ஊருக்கு விபூதி கொடுக்கிற தட்டை அவள் கொழுந்தன் மனைவியிடம் கொடுத்துவிடுவது என்று அவள் புகுந்த வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பிள்ளை இல்லாத அத்தைக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை அந்தத் தட்டு ஒன்றுதான்.

புது ரெக்கார்டு சுழன்றது. பக்கத்தில் நின்று பாடுவதுபோல் கணீரென்று கேட்டது. அத்தை ஈரச் சேலையோடு கண்ணை மூடி நின்றாள். பாட்டு முடிந்தது. அவளுடைய விரல்கூட அசையவில்லை. மறுபடி போட்டார்கள். உடுக்கை ஓயாமல் அடித்தது. முளைப்பாரி சுமந்த பெண்களுக்குக் கழுத்து நடுங்கியது.

"என்னப்பு, ஆத்தா இந்த வருசம் வெளியூருக்குப் போயிட்டாளா?" என்றார் அத்தையின் கொழுந்தனார். சிலர் சிரித்தார்கள். அவர் மனைவி முந்தானையைச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

அப்போதுதான் என் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அம்மாவும் அத்தையும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தாலும் முகம் பார்த்துப் பேசாதவர்கள்.

"பழசப் போடுங்கண்ணே" என்றாள் செட்டுக்காரரிடம்.

"அக்கா, அது கரகரன்னு கெடக்கு. ஒரு எழுத்தும் வெளங்காது" என்றார் மாமா.

"ஒனக்கு வெளங்காட்டிப் போகுது, ஆத்தாளுக்கு வெளங்கும். எடுடா ஒன் ரெக்கார்டை!"

ஊசி விழுந்தது. பாட்டு இன்னும் தொடங்கவில்லை, வெறும் கரகரப்புதான். அதற்கே அத்தையின் தோள் உதறியது. முதல் அடி வருவதற்குள் அவள் போட்ட சத்தத்தில் குலவையே அடங்கிப்போயிற்று. கொழுந்தனாரும் குனிந்துதான் விபூதி வாங்கினார்.

மாமா சாப்பிடாமலே பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். பேசாத நாத்தனாருக்காகக் கூடப்பிறந்தவரை ஊர் நடுவில் அவமானப்படுத்திவிட்டாளே என்று அம்மாமேல் எனக்கு ஒரே கோபம். புகுந்த வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, கையில் ஒன்றுமில்லாமல் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று, எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அம்மாவுக்கு எங்கிருந்து தெரிந்தது என்பதை மட்டும் நான் அன்று யோசிக்கவில்லை.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லும்போது இதை உள்ளபடியே சொல்லுங்கள். அத்தை நடித்தாள் என்றும் சேர்க்க வேண்டாம். பழைய ரெக்கார்டில் சக்தி இருந்தது என்றும் சேர்க்க வேண்டாம்.