நான் திருத்திச் சொன்ன தூது

கல்லூரியில் நாடுகளுக்கிடையிலான உறவுகளின் வரலாற்றை நடத்துகிறேன். பழைய சீனத்து அரசவையில், பரிசோடு வந்தவர்களையெல்லாம் பணிந்தவர்கள் என்றே எழுதிவைத்தார்கள். பரிசு கொண்டுபோன ஐரோப்பியர்களோ தங்களைச் சமமானவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நத்தம் மாமா கொடுத்துவிட்ட மாம்பழப் பை நினைவுக்கு வரும். அவரை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்றிருக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. திண்டுக்கல்லில் புது வீடு குடிபோனபோது அடித்த பத்திரிகையில், அம்மாவின் தம்பியான மாமாவின் பெயர் விடுபட்டுப் போனது. அச்சகத்துத் தவறு என்றார் அப்பா. அதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும் என்றார் மாமா. யார் முதலில் படியேறுவது என்பதிலேயே இரண்டு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் என் தம்பிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்தவிட மாட்டேன் என்று அம்மா அழுதாள்.

தூது வந்தவரைத் தொடக்கூடாது என்பதைப் பெரும்பாலான அரசுகள் ஒப்புக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் அந்தச் சலுகை எனக்கு இருந்தது. கோடை விடுமுறையில் நான் மட்டும் நத்தம் பஸ் ஏறிப் போய்வரலாம்.

“ஒங்கப்பன் வாசல்ல காலு வைக்க மாட்டேன்னு சொல்லு,” என்றார் மாமா. சொன்ன கையோடு, “இத எங்கக்காகிட்ட குடுத்துரு,” என்று ஒரு பை மாம்பழத்தையும் நீட்டினார்.

அப்பா பையைப் பார்த்தார். “என்ன சொன்னான்?”

“தப்பு எம்மேலதான்னு சொன்னாரு.”

அப்பா மேற்கொண்டு கேட்காமல் இரண்டு பழம் தின்றார். மாமா பணிந்துவிட்டதாக அப்பா எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நத்தத்தில், மாமாவின் மாந்தோப்பில் அவரிடம், மாமா வராததை நினைத்து அப்பா அழுதார் என்று அளந்துவிட்டேன். மாமா என்னையே பார்த்தார்.

“எந்தக் கண்ணுல அழுதாரு மச்சான்?”

“ரெண்டுலயும்.”

நான் ஊர் திரும்பி, மாமா வெற்றிலை பாக்குக்காகக் காத்திருப்பதாகச் சொன்னேன். அந்த ஞாயிறே அப்பா தட்டோடு அழைக்கப் புறப்பட்டார். கூடப் போக அடம்பிடித்தேன், கூட்டிப்போகவில்லை. சாயங்காலம் வந்து, “வாரானாம்,” என்று மட்டும் சொன்னார்.

மாமா சீர்த்தட்டோடு வந்தார். அவர் மடியில் தம்பி வீறிட்டு அழுதான். பந்தியில் நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் பேசிக்கொண்டால் என் குட்டு உடைந்துவிடுமே.

ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவிலிருந்த தீவுக்காரர்கள் இரண்டு அரசர்களின் கடிதங்களையும் திருத்திக் கொடுத்துச் சமாதானத்தைக் காப்பாற்றினார்கள் என்று பிற்பாடு படித்தேன். மாமாவிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்து, அடுத்த விடுமுறை, அடுத்த விடுமுறை என்று தள்ளிப்போட்டேன்.

சென்ற மாசியில் மாமா போய்விட்டார். காரியம் முடிந்ததும் அப்பா தோப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு நான் எந்தக் கண்ணுல அழுதேன்னு சொன்ன?” என்றார்.

மாமா அதைக் கேட்டபோது தோப்பில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

“ரெண்டுலயும்,” என்றேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று காதுகுத்துப் பந்தியில் அவர்கள் இருவரும் என் தலைக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் பாயசத்தைச் சிந்திக்கொண்டதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.