கத்திரிப்பூவாகிப் போன கூறைப்புடவை

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் ஜோதிக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைப்பதுதான் தொழில். பதினான்கு வருடமாக அதையே செய்கிறாள். லால்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பீமராவ் படங்களை எடுத்து அனுப்புவார். ஜோதி அவற்றில் நல்லதைப் பொறுக்கி, முகங்களில் விழுந்த நிழலைச் சரிசெய்து, பந்தியில் வாயைத் திறந்தபடி மாட்டிக்கொண்ட பெரியப்பாக்களைப் பக்குவமாக வெட்டி எடுத்துவிட்டு, நாற்பது பக்க ஆல்பமாக அச்சுக்கு அனுப்புவாள். எந்த வீட்டில் எந்த நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள், எந்த மாப்பிள்ளைக்குத் தாலி கட்டும்போது கை நடுங்கியது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இத்தனைக்கும் அவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

அவள் கணவர் இளவரசன் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இருபத்து நான்கு வயதில் ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வு வரைக்கும் பாஸ் செய்துவிட்டுக் கண் பரிசோதனையில் திரும்பி வந்தவர். சிவப்புக்கும் பச்சைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. அந்த ஆசை மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோதி வேலையை முடித்து எழுந்ததும் அவளுடைய கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் கேமைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பழைய கம்ப்யூட்டர் என்பதால் ரயில் ஒரு ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் படம் நாலு தரம் உறைந்து நிற்கும். அவரும் பொறுமையாகக் காத்திருப்பார்.

ஆவணி மாதத்தில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. வையம்பட்டியில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பம் அச்சாகிப் போன நாலாம் நாள் பீமராவ் போன் செய்தார்.

"ஜோதிம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. பொண்ணு வீட்டுல ஆல்பத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. கூறைப்புடவை அரக்கு கலரு. ஆல்பத்துல கத்திரிப்பூ கலர்ல இருக்கு. பொண்ணு முகமும் பத்து நாள் காய்ச்சல்ல கிடந்த மாதிரி வெளுத்துப் போயிருக்குன்னு அவங்கம்மா ஒரே அழுகை."

ஜோதி ஃபைலைத் திறந்து பார்த்தாள். திரையில் புடவை அரக்காகத்தான் இருந்தது. அச்சுப் போட்ட இடத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஆல்பத்தை வேறு இடத்தில் அச்சுக்குக் கொடுத்தார் பீமராவ். அதுவும் அப்படியே வந்தது. இந்த முறை அவர் குறை சொல்லவில்லை. "கொஞ்சம் பார்த்துக்குங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அதுதான் அவளை உலுக்கியது.

ஜோதிக்கு நாலு வருடமாகச் சர்க்கரை. வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு தடவைகூட அவள் போனதில்லை. இப்போது போனில் தேடித் தேடிப் படித்தாள். கண்ணில் புரை விழுந்தால் பார்ப்பதெல்லாம் மஞ்சள் பூத்துத் தெரியும் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பூக்கடையில் கனகாம்பரத்தைக் கையில் எடுத்து, எல்லோருக்கும் இது இப்படித்தான் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பால் பாக்கெட்டைப் பார்த்தாள், பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். லால்குடிக்குப் போய் அந்த ஆல்பத்தை நேரில் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் ஊரே கத்திரிப்பூ என்று சொல்லும் புடவை தன் கண்ணுக்கு மட்டும் அரக்காகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் போகவில்லை. தஞ்சாவூரில் நர்சிங் படிக்கும் மகள் இளவேனிலிடமும் சொல்லவில்லை. கணவரிடம் நிறத்தைப் பற்றிக் கேட்டு என்ன பிரயோஜனம் என்று அவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஐப்பசியில் ஒரு நாள் காலையில் ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் டப்பென்று ஒரு சத்தம் போட்டது. பின்பக்கத்திலிருந்து கருகல் வாசனை வந்தது. அதோடு சரி.

இளவரசன் கவலைப்படுகிற மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் அலமாரியிலிருந்து பழைய டைரியை எடுத்து வந்த வேகத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. என்னென்ன பாகம் வாங்கிச் சேர்த்தால் அவளுடைய போட்டோ வேலையும் தன்னுடைய ரயிலும் ஒரே பெட்டியில் ஓடும் என்று இரண்டு வருடமாக எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்தார். சீட்டு எடுத்ததில் ஐம்பதாயிரம் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் தாண்டக் கூடாது என்று பட்டியலின் தலையிலேயே எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

"இப்ப எதுக்குங்க புதுசு? கொஞ்ச நாள் வேலை வேணாம்னு பீமராவ்கிட்ட சொல்லிடறேன்" என்றாள் ஜோதி.

அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கேமுக்காகத் தான் எழுதி வைத்திருந்த கிராஃபிக்ஸ் கார்டு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். பட்டியலில் விலை அதிகமான உருப்படி அதுதான். மறுநாள் காலையில் அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்து டைரியை அவள் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஜோதிக்கு மனசு தாங்கவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும், சனிக்கிழமை கடைக்குப் போகலாம் என்று தானாகவே சொன்னாள்.

கடை மன்னார்புரத்தில் இருந்தது. அதை நடத்துகிறவள் பிரான்சி, முப்பது வயதுக்காரி. கம்ப்யூட்டர் பாகங்களை விற்பதோடு அங்கேயே பூட்டியும் கொடுப்பாள். செய்து முடித்த வேலை ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லி அவள் போனிலேயே கேட்டிருந்தாள். எவ்வளவு பெரிய ஃபைல் என்று தெரிந்தால்தான் எவ்வளவு மெமரி போடுவது என்று சொல்ல முடியுமாம். ஜோதியின் கைப்பையில் வையம்பட்டி ஆல்பம் இருந்த பென் டிரைவ்தான் இருந்தது. அச்சுக்குக் கொடுத்தனுப்பியது. வேறு வழியில்லாமல் அதையே எடுத்து வந்திருந்தாள்.

பிரான்சி டைரியை வாங்கிப் படித்துவிட்டு, நன்றாக யோசித்து எழுதியிருக்கிறீர்கள் என்று இளவரசனைப் பாராட்டினாள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் படங்கள் நொடியில் திறக்கும், ஆல்பம் வேலைக்கு ரேம் இரண்டு மடங்காக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள்.

"மானிட்டர் எழுதலையேண்ணே?"

"பழசு நல்லாத்தாம்மா இருக்கு. அதையே மாட்டிக்கலாம்."

"எத்தனை வருஷமாச்சு?"

எட்டு வருடத்துக்கு முன்பு பழைய பொருளாக வாங்கியது, தினமும் பத்து மணி நேரம் எரிகிறது என்றாள் ஜோதி. பிரான்சி பென் டிரைவை வாங்கி, மேசை மேல் இருந்த ஒரு மானிட்டரில் ஆல்பத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தில் மணப்பெண் திரை நிறைய வந்து நின்றாள்.

ஜோதி திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். புடவை கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. பெண்ணின் முகம் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"பிரான்சி, இந்தப் புடவை உனக்கு என்ன கலரா தெரியுது?"

"கத்திரிப்பூ கலருக்கா. ஏன்?"

"அந்த மாப்பிள்ளை துண்டோட கரை?"

"பச்சை. லேசா நீலம் அடிக்குது."

ஜோதிக்கும் அது நீலம் அடிக்கிற பச்சையாகத்தான் தெரிந்தது. அடுத்த பக்கத்தைப் போடச் சொன்னாள். மாலையில் இருந்த ரோஜாவைக் கேட்டாள், பந்தலின் துணியைக் கேட்டாள், மாமியாரின் ரவிக்கையைக் கேட்டாள். பிரான்சி வாயைத் திறப்பதற்கு முன்பே ஜோதி தன் பதிலை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஏதோ சந்தேகம் போலிருக்கிறது என்று பிரான்சியும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய மானிட்டர்களில் உள்ளே இருக்கும் விளக்கு வருடம் ஆக ஆக மஞ்சளாகிவிடும் என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால் தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. திரை மஞ்சளாகத் தெரிகிறதே என்று படத்தில் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், அச்சில் அந்த நீலம் மட்டும் தனியாக வந்து நிற்கும். எத்தனையோ ஸ்டூடியோக்காரர்கள் இப்படி ஏமாந்து அவளிடம் வந்திருக்கிறார்களாம்.

ஜோதி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. புடவைத் தலைப்பால் துடைத்தாள், மறுபடியும் கொட்டியது. இளவரசன் பதறிப்போய் அவளை வெளியே அழைத்து வந்து பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை போடாத அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சர்க்கரை, புரை, கனகாம்பரம், பால் பாக்கெட், இனிமேல் இந்த வேலை தன்னால் முடியாது என்று தானே முடிவு கட்டிக்கொண்டது, எல்லாவற்றையும்.

இளவரசன் அவள் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இதை மனசுல வச்சுக்கிட்டா இருந்த? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட போயி கலரைக் கேக்கச் சொல்றீங்களா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே சிரிப்பு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். டீக்கடைக்காரர் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக இளவரசன் சொன்னார். அவள் சரி என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல இத்தனை நாள் பயந்தோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பிக் கடைக்குள் போனபோது பட்டியல் தலைகீழாக மாறியது. நல்ல மானிட்டர் வாங்கினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடமில்லை. பென்சில் கோட்டை அழித்துவிட்டு அவருக்கு அதை வாங்கியே தீர வேண்டும் என்று ஜோதி பிடிவாதம் பிடித்தாள். மானிட்டர் இல்லாமல் கடையை விட்டு நகர மாட்டேன் என்று அவர் நின்றார். பிரான்சி நடுவில் புகுந்து வழி சொன்னாள். படம் காட்டும் வேலையையும் சேர்த்துத் தானே செய்கிற பிராசசர் இருக்கிறது, இப்போதைக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம், பவர் சப்ளையை மட்டும் கொஞ்சம் பலமானதாக வாங்கி வைத்தால் கார்டைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செருகலாம் என்றாள்.

"அதுல ரயில் கேம் ஓடுமாம்மா?" என்று கேட்டார் இளவரசன்.

"நிக்காம ஓடும்ணே. செட்டிங்க்ஸைக் கொஞ்சம் குறைச்சு வைக்கணும். ஓரத்துல வர்ற மரத்துல இலை கம்மியா தெரியும், அவ்வளவுதான்."

"மரம் மொட்டையா இருந்தா இருக்கட்டும். ரயில் போனா சரி."

அவர் ஆசையாக எழுதி வைத்திருந்த, விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டியும் போய், சாதாரணக் கறுப்புப் பெட்டி வந்தது. மானிட்டரை மட்டும் ஜோதியே தேர்ந்தெடுத்தாள். மூன்றை வரிசையாக வைத்து, அதே மணப்பெண்ணைப் போடச் சொல்லி, நேராக உட்கார்ந்து பார்த்தாள், பக்கவாட்டில் நின்று பார்த்தாள், குனிந்தும் பார்த்தாள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நிறம் மாறாத ஒன்றை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரொம்ப நாளைக்குப் பிறகு தன் கண்ணை நம்பி ஒரு முடிவெடுத்த சந்தோஷத்தில், நேரம் போனதே அவளுக்குத் தெரியவில்லை.

பிரான்சி பூட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஆட்டோவில் மானிட்டர் அட்டைப்பெட்டியை ஜோதி மடியில் வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் பெட்டியை இளவரசன் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். காவிரிப் பாலத்தில் நெரிசலாக இருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய மானிட்டரையும் அதே பெட்டியில் மாட்டி, இரண்டிலும் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தார் இளவரசன். கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜோதி, பழசுல இருக்கிற வெள்ளை மஞ்சளால்ல இருக்கு. இது எனக்கே தெரியுதே."

சிவப்பும் பச்சையும்தான் அவருக்குக் குழப்பமே தவிர, மஞ்சள் நன்றாகத் தெரியும். இது இருபது வருடமாக ஜோதிக்குத் தெரிந்த விஷயம்தான். பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, விளக்கை அடித்து, ஒரு மணி நேரம் பார்த்தார்கள். டாக்டரம்மா சீட்டை எழுதிக்கொண்டே, கண்ணுக்குள் சர்க்கரை ஒரு சேதமும் செய்யவில்லை, புரையும் இல்லை, படிக்கிற கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வருடம் ஒரு தடவை வராமல் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகவும் சொன்னார். சொட்டு மருந்தால் வெளிச்சம் கூசியது. இளவரசன் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே நடந்தாள் ஜோதி. அன்று மதியம் இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தூங்கினாள்.

வையம்பட்டி ஆல்பத்தை முதலிலிருந்து செய்து கொடுத்தாள். அதற்குப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பீமராவ் பாதி அச்சுச் செலவைத் தான் ஏற்றுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, பெண்ணின் அம்மா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உறவுக்காரர்களுக்குக் காட்டுகிற படத்தைப் பீமராவ் வாட்ஸப்பில் அனுப்பி வைத்தார். கூடவே, தை மாதத்துக்கு ஒன்பது கல்யாணம் பேசியிருப்பதாகவும், எத்தனையை எடுத்துக்கொள்ள முடியும் என்றும் கேட்டிருந்தார்.

ஜோதி உள்ளே எட்டிப் பார்த்தாள். இளவரசன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இலையில்லாத மரங்களுக்கு நடுவே ஒரு ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் தனக்கு வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒன்பதையும் அனுப்பச் சொல்லிப் பீமராவுக்குப் பதில் போட்டாள்.