பம்பாயில் விமானம் மாற இரண்டு மணி நேரம்

லண்டனில் பஸ் புறப்படும்போது கண்டக்டர் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே வந்து பல குளிர்காலங்கள் போய்விட்டன. இன்னும் இது எனக்குப் பழகவில்லை. நேற்றுக் காலை பெர்மாண்ட்ஸியில் ஒரு கர்ப்பிணிப் பெண் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள். கீழ்த்தட்டில் பதினாறு பேர் இருந்தோம். பதினாறு பேரும் அவளைப் பார்த்தோம். ஒருவர் கையும் மணிக்கயிற்றுக்குப் போகவில்லை, என் கை உட்பட. வாணியம்பாடியில் ஆலங்காயம் பஸ் அப்படியல்ல. ஏறுகிறவன், "எங்க மச்சான் சந்தையில கீறாரு, வந்துருவாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைப்பார். மச்சான் வருவார், அவர் பின்னால் ஆடு ஒன்றும் வரும். அந்த நாட்களில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நேரத்துக்கு வண்டி எடுக்கிற தேசத்தில் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். இப்போது அப்படிப்பட்ட தேசத்தில்தான் இருக்கிறேன்.

நான் ஆலங்காயத்துக்கு மேலே, காவலூர் போகிற வழியில், ஜவ்வாது மலையில் பிறந்தவன். சாமையும் புளியும் விளைவிக்கிற குடும்பம். கீழே இறங்கிப் படித்து, வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரியிடம் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்தேன். முதலாளி பாய் நல்லவர். நான் எண்ணினால் இரண்டாம் முறை எண்ண வேண்டியதில்லை என்பார். அதனாலேயே ஐம்பதுகளின் தொடக்கத்தில் என்னைக் கப்பலேற்றி லண்டன் கிடங்குக்கு அனுப்பினார். பாய் காலமான பிறகு கிடங்கு வெள்ளைக்காரன் கைக்குப் போயிற்று. அவன் கிடங்கை வாங்கியபோது, மேசை நாற்காலிகளோடு நானும் அதில் இருந்தேன்.

என் தங்கைக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதாகக் கடிதம் வந்தது. எங்கள் வகையறாவில் மணப்பெண்ணைப் பலகையில் உட்கார வைத்து, தாய்மாமன் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி. அந்தப் பெண்ணுக்கு உடன்பிறந்த மாமன் நான் ஒருவன்தான். கிடங்கில் தோல் ஏலம் முடியாமல் விடுப்புக் கிடையாது என்றார்கள். ஏலம் முடிந்து கப்பலில் போனால், பிறக்கிற குழந்தைக்குத்தான் பெயர் வைக்கலாம். ஆகவே முதல் முறையாக விமானம்.

டிக்கெட் ஆபீஸில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு எழுதிக் கொடுத்தாள். பெரிய விமானம் காலையில் பம்பாயில் இறங்கும். இரண்டு மணி நேரத்தில் சிறிய விமானம் சென்னைக்குப் புறப்படும். பிற்பகல் ரயிலில் வாணியம்பாடி. சாயங்கால பஸ்ஸில் ஆலங்காயம். விடிந்ததும் மலையேறினால் முகூர்த்தம். ஐந்து கண்ணிகள். ஒன்று அறுந்தால் நான்கும் வீண். "பெரிய விமானம் தாமதமானால் சின்ன விமானத்துக்குச் சொல்லி அனுப்புவார்களா?" என்று கேட்டேன். "எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றாள். "நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று." அவள் என்னைப் பரிவோடு பார்த்து, "கவலைப்படாதீர்கள், இரண்டு மணி நேரம் தாராளம்" என்றாள். பம்பாய் எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது. தாராளம் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பெய்ரூட்டில் பெட்ரோல் போட இறங்கினோம். எல்லோரும் திரும்ப ஏறிய பிறகும் கதவு சாத்தப்படவில்லை. முன்வரிசையில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் இன்னும் விருந்திலிருந்து புறப்படவில்லையாம். நூற்றுச் சொச்சம் பேர் வியர்த்தபடி காத்திருந்தோம். கடைசியில் அவர் நிதானமாக வந்தார்; பணிப்பெண்கள் இருவர் அவருடைய கோட்டை வாங்கி மாட்டினார்கள். விமானமும் காத்திருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். யாருக்காக என்பதே கேள்வி.

பம்பாயின் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது என் இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் பெய்ரூட்டிலேயே கரைந்திருந்தது. சுங்க வரிசையில் எனக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர். மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரத்தை அதிகாரி காதில் வைத்துக் கேட்டார், பிறகு பக்கத்திலிருந்தவர் காதில் வைத்தார். கண்ணாடிக்கு வெளியே சென்னை விமானம் தெரிந்தது. நான்கு விசிறிகள். முதலாவது சுற்றியது, இரண்டாவது சுற்றியது. நான் ஓடிப்போய் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், நாளைக் காலை என் தங்கை மகளுக்குக் கல்யாணம், நான் தாய்மாமன் என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த மொழியில் நான் வெறும் பெண்ணின் அம்மாவுடைய சகோதரன்.

"பெண்ணுடைய அப்பா எங்கே?" என்று கேட்டாள்.

"ஊரில்தான் இருக்கிறார்."

"மாப்பிள்ளை?"

"அவரும் அங்கேதான்."

"அப்படியானால் கல்யாணம் நடந்துவிடும், கவலை வேண்டாம்" என்றாள். எனக்கு நல்ல செய்தி சொன்னதாகவே நினைத்தாள். நான்காவது விசிறியும் சுற்றிற்று.

மறுநாள் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அந்தச் சாயங்காலம் வாணியம்பாடியில் ஆலங்காயம் பஸ்ஸில் ஏறியபோது, டிரைவர் என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்த லண்டன்காரரு? இன்னாங்க, நேத்து உங்களுக்காவ வண்டிய எடுக்காம வச்சிருந்தேங்க. உங்க மச்சான் வந்து சொல்லிட்டுப் போனாரு. ரயிலு வந்து, ஜனமெல்லாம் எறங்கிப் போயி, இருட்டற வரிக்கும் பாத்தேன். உள்ள கீறவங்கல்லாம் என்னைத் திட்றாங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "கட்ட வண்டியில வந்திருந்தா முந்தாநாளே வந்திருப்பாரு. ஏரோப்ளேன்ல வந்தாரு, அதான்."

பஸ்ஸே சிரித்தது. எனக்காகக் காத்திருந்தவர்களுக்குச் சிரிக்க உரிமை உண்டு.

மலைமேல் போனபோது பந்தலில் வாழைமரம் சாய்ந்திருந்தது. பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள். பம்பாயிலிருந்து நான் அடித்த தந்தி எனக்குப் பிறகு வந்து சேர்ந்தது. தங்கை காலில் விழுந்து எழுந்து, "வேட்டிய வச்சி முடிச்சிட்டோம்ணா" என்றாள். எங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. மாமன் வர முடியாவிட்டால் அவன் உடுத்திய வேட்டியை மடித்துப் பலகையில் வைத்து, பட்டத்தை அதில் ஒற்றியெடுத்துப் பங்காளி ஒருவர் கட்டலாம். வேட்டி துவைத்ததாக இருக்கலாம், ஆனால் உடுத்தியதாக இருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த கோடி வேட்டி மாமன் ஆகாது. செத்துப்போன மாமன்களுக்காகவும் ஜெயிலுக்குப் போன மாமன்களுக்காகவும் ஏற்பட்ட வழக்கம் அது. கப்பலேறிய அன்று நான் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்த வேட்டி என் இடத்தில் உட்கார்ந்து வேலையை முடித்திருந்தது.

இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கு நான் யாரையும் நம்பவில்லை. கிடங்கில் சண்டையிட்டு விடுப்பு வாங்கினேன். பம்பாயில் இரண்டு மணி நேரமல்ல, இரண்டு நாள் வைத்துக்கொண்டேன். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே மலையில் இருந்தேன். பந்தக்கால் நட்டபோது இருந்தேன், அரிசி புடைத்தபோது இருந்தேன். முகூர்த்த நாளன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், பலகையில் என் பழைய வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

"இது இன்னாம்மா?" என்றேன்.

தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெரியவ நல்லா வாழறாண்ணா. ரெண்டு ஆம்பளப் புள்ள. மாப்ள வூட்லயும் அதே மாதிரி செய்யச் சொல்றாங்க. ராசியான வேட்டி."

"நான் உயிரோட நிக்கிறேனே."

"நில்லுண்ணா. பக்கத்துலயே நில்லு. உன்னை யாரு வேணான்னா?"

மச்சான் என் தோளில் கை வைத்தார். "கோச்சிக்காத மச்சான். நீ ஒருக்கா வர்ற, ஒருக்கா வரமாட்ட. வேட்டி வூட்லயே கீது."

பட்டத்தை வேட்டியில் ஒற்றி எடுத்தார்கள். கட்டும்போது பின்முடிச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். பிடித்துக்கொண்டேன்.

லண்டன் திரும்புகிற அன்று தங்கை ஆலங்காயம் வரை வந்தாள். பஸ் நின்றுகொண்டிருந்தது, நாங்கள் பேசி முடிக்கட்டும் என்று டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியில் பூச்சி விழுந்துவிட்டது, சின்னவள் கல்யாணத்துக்குத் தாங்காது என்றாள். "ஒன்னு உடுத்திட்டு அனுப்பிடுண்ணா. நல்லா உடுத்தினதா இருக்கட்டும். நீ அலையாத" என்றாள். அன்போடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஜெட் விமானம் வேகமாகிவிட்டதாம். டிக்கெட் ஆபீஸ் பெண் புதிய கால அட்டவணை அனுப்பியிருக்கிறாள். பம்பாயில் மாறுவதற்கு ஒன்றரை மணி நேரமே போதுமாம். அதை நான் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில், அறையில் காஸ் அடுப்பை ஏற்றிவைத்து, கால்சட்டையைக் கழற்றிவிட்டு, புது வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். வீட்டுச் சொந்தக்காரி தேநீர் கொண்டுவந்தபோது, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இதுவரை ஏழு ஞாயிறு ஆயிற்று. முழங்கால் பக்கம் கஞ்சி உடைந்து துணி இளகிவிட்டது; உட்காருகிற இடத்தில் இன்னும் விறைப்பாக இருக்கிறது. இன்னும் சில வாரம் உட்கார்ந்தால் அதுவும் என்னைப் போலாகிவிடும். பிறகு மடித்துப் பார்சலில் போட வேண்டும்.