அத்தான் பெயரில் என் நோய்

மூன்று ஆண்டுகள் நான் மாத்திரை எடுத்துச் சாப்பிட்ட பழுப்புநிறப் புட்டிகள் எல்லாவற்றிலும் என் அத்தானின் பெயர் எழுதியிருந்தது. மருந்துக்கடைக்காரர் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஊதா மையில், சற்றுச் சாய்வாக, ஓர் எழுத்தும் விடாமல் முழுப்பெயரையும் எழுதி ஒட்டிக் கொடுப்பார். அலுவலகத்துக்கு வந்ததும் ஈரத்துணியால் அந்தத் தாளைத் தேய்த்து உரித்துவிட்டு, புட்டியை மேசையின் அடி இழுப்பறையில், வரைபடத் தாள்களுக்குக் கீழே வைத்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. நான் மாத்திரை சாப்பிடுகிறவன் என்பது என் மனைவிக்குத் தெரியாது. அத்தானுக்கு மட்டும் தெரியும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் அப்பா எங்கள் தீவின் வடக்கே ஒரு கரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். நாற்பத்தெட்டு வயதில், ஒரு நண்பகலில், கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அத்தானுக்குக் கல்யாணமாகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. தலைநகரான போர்ட் லூயிஸில் துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, தொழிலாளர் வேலைநிறுத்தங்களையெல்லாம் கண்ணெதிரே பார்த்துவிட்டு, சின்ன உத்தியோகத்தில் இருந்தவர். என்னையும் அம்மாவையும் போ பசான் ஊரில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்து வந்தார். பள்ளிப் படிப்பு முடிகிறவரை நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். பிறகு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவனாக எனக்கு வேலை கிடைத்ததற்கும் அவர் அலைந்த அலைச்சல்தான் காரணம். இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

எங்கள் வீடுகளில் பேச்செல்லாம் தீவின் கிரியோல் மொழியில்தான். அக்கா, அத்தான், தம்பி போன்ற உறவுச் சொற்கள் மட்டும் தமிழில் நின்றுவிட்டன. நான் கோயில் வகுப்பில் தமிழ் படித்து, ஓய்வுபெற்ற பிறகு அதே வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன். அதனால்தான் அன்று கிரியோலில் பேசியதை இன்று தமிழில் எழுத முடிகிறது.

சுதந்திரம் வருவதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அத்தானின் அலுவலகத்திலும் மேலதிகாரி புறப்படத் தயாரானார். அந்த நாற்காலிக்கு அத்தானின் பெயர்தான் போயிருந்தது. எங்களைப் போன்ற கூலிக்காரப் பரம்பரையில் வந்த ஒருவர் அதில் உட்காருவது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. நாற்பது வயதைக் கடந்தவர்கள் இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் பரிசோதித்துக்கொண்டு, மருத்துவர் கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு அலுவலகம் ஓர் இளம் டாக்டரை நியமித்திருந்தது. சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் தீவுக்குத் திரும்பியவர். நாற்பத்தாறு வயது அத்தான் இரண்டு முறை நேரம் வாங்கி, இரண்டு முறையும் போகவில்லை. ஒரு முறை கப்பல் வந்துவிட்டது, இன்னொரு முறை தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை. அவருக்கு வேலை இருந்தது உண்மைதான். விடியற்காலைப் பேருந்தில் போய், கோப்புகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசிக்கு முந்தைய பேருந்தில் திரும்புகிறவர் அவர். ஆனால் அவர் அண்ணன் ஒருவர் அலுவலக நாற்காலியிலேயே தலை சாய்ந்து இறந்துபோனவர். அத்தானுக்கும் மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஏதோ இறுக்குவதுபோல் இருந்ததாம். அதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் காலைப் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நகரத்துக்குள் நுழைகிற நேரத்தில் படிவத்தை எடுத்து என் மடியில் வைத்தார். நான் அவருக்குப் பதிலாகப் போய் வர வேண்டும் என்றார். டாக்டருக்கு எங்கள் இருவரையும் தெரியாது, படிவத்தில் புகைப்படம் கிடையாது, நானும் நாற்பதைத் தாண்டியவன், சிகரெட் தொடாதவன், தினமும் மைல்கணக்கில் நடக்கிறவன். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். அது தவறு என்று இருவருக்கும் தெரியும். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டரின் அறை ஒரு பழைய மரவீட்டின் மாடியில் இருந்தது. நான் அத்தானின் பெயரைச் சொன்னேன். அவர் அட்டையில் எழுதிக்கொண்டார். சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொல்லிவிட்டு, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, ரத்த அழுத்தம் பார்த்தார். பட்டையை அவிழ்த்தார். கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். பிறகு அடுத்த கையில் பார்த்தார். மாடி ஏறி வந்த களைப்பாக இருக்கும் என்று நான் சொன்னேன். டாக்டர் என் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வாரைக் கட்டி, இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரைகிற ஒரு பெட்டியை இயக்கினார். காகிதச் சுருள் மெல்ல வெளியே வந்தது. அதில் ஓடிய கோட்டை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். அத்தானின் அப்பா முதுமையில் காய்ச்சல் வந்து இறந்தவர். அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மரத்தடியும் அந்த நண்பகலும்தான் வாயில் வந்தன. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்த அழுத்தம் மிக அதிகம், இதயமும் களைத்திருக்கிறது, இந்த நிலையில் நீங்கள் பெரிய பொறுப்பு எதையும் ஏற்கலாம் என்று நான் கையெழுத்திட முடியாது, உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், மாதம் ஒரு முறை வர வேண்டும் என்றார். எனக்கு அப்போது ஒன்றும் வலிக்கவில்லை. அத்தானின் பதவி போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது.

அத்தானின் அலுவலகத்துக்கே நேராகப் போனேன். வாசலில் சுமைவண்டிகளுக்கு நடுவே நின்று சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “டாக்டர் சொன்னது உன் நெஞ்சைப் பற்றித்தானே?”

ஆமாம் என்றேன். நாளைக்கே அவர் நேரில் போய் உண்மையைச் சொன்னால் மறுபரிசோதனை கிடைக்கும் என்றும் சொன்னேன். சொன்னால் உன் வேலை போய்விடும் என்று அவர் மறுத்துத் தலையாட்டினார். தன் வேலையைப் பற்றிப் பேசவில்லை. அந்த இடத்துக்கு அவரைவிட ஆறு ஆண்டு இளையவர் ஒருவர் வந்தார். அத்தான் அவருக்குக் கோப்பு எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு வந்த மூன்று ஆண்டுகளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், களைப்பும் வரும். படிவத்தின் நகல் அத்தான் வீட்டு முகவரிக்கு வந்துவிட்டதால் அக்கா அதைப் படித்துவிட்டாள். கணவருக்கு இதய நோய் என்று நம்பினாள். அன்றிலிருந்து அத்தான் தட்டில் உப்பு கிடையாது. கருவாடு போட்ட ருகாய் என்னும் தக்காளிக் குழம்பு அவருக்கு உயிர். அதை அவள் வீட்டில் சமைப்பதையே நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் என் தட்டில் ஊறுகாயை அள்ளி வைத்து, நீயாவது நன்றாகச் சாப்பிடு என்பாள். அத்தான் எதிரே உட்கார்ந்து வெறும் கூட்டைப் பிசைந்துகொண்டே என் தட்டைப் பார்ப்பார். அவள் உள்ளே போனதும் ஊறுகாயைத் தன் பக்கம் தள்ளிக்கொள்வார். மாதம் ஒரு முறை, மதிய இடைவேளையில், நான் அவராகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வருவேன். அதை நான் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். பேருந்தில் இருந்து இறங்கும்போது தோளைத் தட்டி, இன்றைக்கு நான் டாக்டரிடம் போகிறேன், தெரியுமல்லவா என்பார்.

நான் அவ்வளவு ஒழுங்காக இல்லை. அளவைப் பணிகள் குவிந்த ஒரு மாதம் மாத்திரை தீர்ந்துபோயிற்று, வாங்கப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. அத்தான் கேட்டபோது போனேன் என்று பொய் சொன்னேன். ஒரு முற்பகல், வரைபலகை முன்னால் நின்றிருந்தேன். பேனா கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன், வலது கை என்னுடையதாக இல்லை. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. பதில் சொல்ல நாக்கு புரளவில்லை.

மருத்துவமனையில் என் மனைவியிடம் கேட்டார்கள், முன்பே நோய் இருந்ததா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று. ஒன்றுமே கிடையாது, தலைவலிகூட வந்ததில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். அக்காவும் அதையே சொன்னாள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சொல்லத்தான் முடியவில்லை. அப்போது அத்தான் வந்தார். ஏதோ கூட்டத்தின் பாதியில் எழுந்து வந்தவர், கழுத்து டை ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. அந்த இளம் டாக்டரின் அறைக்குப் போய், தன் பெயர் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, டாக்டரையும் கூடவே அழைத்து வந்திருந்தார். தாழ்வாரம் முழுக்க ஆட்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அந்த அட்டையில் இருப்பது என் பெயர். நோய் இவனுடையது. நான்தான் அனுப்பினேன்.”

டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று ஆண்டுகளாக எழுதியிருந்த எண்களை மருத்துவமனை டாக்டரிடம் வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த அட்டை வராமல் இருந்திருந்தால் வைத்தியம் வேறு மாதிரி போயிருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் நாக்கு திரும்பியது. கை திரும்ப ஐந்து மாதம் ஆயிற்று.

அன்றே, என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, டாக்டர் அத்தானை உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினார். அத்தானின் முகத்தை நான் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக எதற்குப் பயந்தாரோ அது இப்போது கையைச் சுற்றியிருந்தது. டாக்டர் ஒரு முறைதான் பார்த்தார். மறுநாள் அந்தப் பெட்டியிலும் வைத்துப் பார்த்தார். அத்தானின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. மாடிப்படியில் வந்த இறுக்கம் வெறும் கவலையாக இருக்கலாம், வேலைப்பளுவாக இருக்கலாம் என்றார். அன்றைக்கே வந்திருந்தால் கால் மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போனவரைப் போலச் சொன்னார்.

சின்னத் தீவு இது. தாழ்வாரத்தில் கேட்ட பேச்சு நாங்கள் வீடு திரும்புமுன் துறைமுகத்துக்குப் போய்விட்டது. அத்தானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் கட்டாயப்படுத்தியதால்தான் நான் போனேன் என்று எழுதிக் கொடுத்தார். என் அலுவலகத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். அவரை முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். நாற்பத்தொன்பது வயதில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அக்கா நான்கு நாள் இருவரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவர் தட்டில் கருவாட்டு ருகாயை நிறையப் பரிமாறினாள். உப்பில்லாத சோற்றையும் குழம்பையும் அடுக்குப் பாத்திரத்தில் கட்டி என் வீட்டுக்கு அனுப்பினாள். பல வருடம் அனுப்பினாள்.

இப்போது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. என் மகன் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மருத்துவப் பரிசோதனை வண்டி வருகிறது. மேசையைவிட்டு எழுந்து வந்து சட்டைக் கையை மடித்துவிட்டால் பத்து நிமிடத்தில் முடிகிற காரியம். போன ஆண்டு அவனுக்கு நேரம் இல்லையாம். நான் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். தொலைபேசி வந்தது, எழுந்து போய்விட்டான்.

அத்தான் எழுபத்தொன்பது வயதுவரை இருந்தார். பதவியைப் பற்றி அவர் பேசிய ஒரே சமயம் சுதந்திர நாளன்று. குதிரைப் பந்தய மைதானத்தில் நண்பகலில் கொடி ஏற்றினார்கள். அவருடைய அலுவலகத்துக்காரர்கள் பெயர் எழுதிய நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கூட்டத்தோடு வெயிலில் நின்றோம். என் வலது கையில் இன்னும் பலம் வராததால் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவர் அத்தான், என்னால்தான் போயிற்று என்றேன். பல மாதமாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வைத்திருந்தது அது. அவர் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அன்றைக்கு நான் போயிருந்தால் நாற்காலி கிடைத்திருக்கும் தம்பி. உன்னை யார் பரிசோதித்திருப்பார்கள்?”

பிறகு என் தலையில் வெயில் படுகிறது என்று சொல்லி, தன் தொப்பியை எடுத்து எனக்கு வைத்துவிட்டார்.