நாடி நூற்றுப் பதினெட்டு

துறைமுகத்தின் பெரிய கிரேனில், நாற்பது மீட்டர் உயரத்து இருக்கையில் தம்பி உட்கார்ந்து நான்கு வருடம் ஆகிறது. அவனைவிட ஆறே நிமிடம் முந்திப் பிறந்த அக்கா கீழே நின்று கன்டெய்னர் பெட்டிகளின் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்றாகப் பயிற்சி முடித்தவர்கள். மதிப்பெண் இவளுக்குத்தான் அதிகம். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

குறுக்கே நின்றது ஒரு வாளி. வருடாந்தர உடற்தகுதிச் சோதனையில், அந்த வாளியின் ஐஸ் தண்ணீருக்குள் இடது கையை விட்டபடி, ஆயிரத்திலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு நாடி பார்ப்பார்கள். நூற்றுப்பத்தைத் தாண்டினால் மேலே ஏற முடியாது. கணக்கில் உளறுவது தம்பிதான், ஆனால் அவன் நாடி எண்பதைச் சுற்றியே நிற்கும். ஒரு எண்கூடத் தப்பாமல் சொல்லும் அவளுக்கு நூற்றுப் பதினெட்டு.

"உன் தம்பி கல்லு மாதிரி உக்காந்திருக்கான் பாரு," என்பார் மேஸ்திரி. அந்தக் கல்லைத் தூக்கி அவர் தலையிலேயே போடலாமா என்றிருக்கும் அவளுக்கு.

இந்த வருடம் புதிதாக வந்த நர்ஸ், வழக்கமில்லாமல் வலது கையில் பிரஷர் பட்டையையும் கட்டினாள். தம்பிக்கு இரண்டு முறை பார்த்தாள். பிரஷர் நூற்று எண்பத்தாறு. அக்காவுக்கு நூற்று இருபத்து நாலு.

"எனக்குத்தானே படபடன்னு அடிக்குது?"

"பதட்டம் வந்தா நிறைய பொம்பளைங்களுக்கு இதயம் வேகமா ஓடும்மா. நிறைய ஆம்பளைங்களுக்கு ரத்தக்குழாய் இறுகி பிரஷர் ஏறும். எல்லாருக்கும் அப்படியேன்னு இல்ல. ஆனா ஃபாரத்துல நாடிக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு. இதை ஓரத்துல எழுதட்டுமா?"

"வேணாம் சிஸ்டர்," என்றான் தம்பி. பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு."

முதலில் அவளுக்குள் எழுந்தது பயமல்ல, சந்தோஷம். அடுத்த நொடி கூசியது.

"எழுதுங்க," என்றாள். அவன் உயிருக்காகத்தான் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதிதான் நம்ப முடிந்தது.

டாக்டர் இருவரையும் முழுதாகச் சோதித்தார். தம்பிக்கு மாத்திரையும் மூன்று மாதம் தரை வேலையும். அவள் இதயத்தில் ஒரு குறையும் இல்லை, நாடி வேகமாக ஓடினாலும் மேலே ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அவள் மேலே ஏறி உட்கார்ந்தாள். முதல் பெட்டியைத் தூக்கும்போது நெஞ்சு தடதடவென்று அடித்தது. கீழே வாக்கி டாக்கியுடன் நின்ற தம்பி வழி சொன்னான்.

"இடது பக்கம் கொஞ்சம். போதும். இறக்கு."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இந்த நிதானத்தை மட்டும் எங்கிருந்து வாங்கி வந்தான்?

"இப்ப உனக்கு எவ்வளவுடா பிரஷர்?"

"நீ அங்க உக்காந்ததைப் பாத்ததும் எகிறிடுச்சு."

அவன் சிரிக்கவில்லை. பெட்டி லாரியின் மேல் சரியாக உட்கார்ந்தது. அவள் அடுத்த பெட்டியைக் கேட்டாள்.