இரண்டாவது சத்தம்

எங்கள் அத்தான் பேசுகிற பேச்சில் பாதி "சரி". மீதிப் பாதி டயர். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் அவரைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். ஆள் ஒல்லி, குரல் தணிவு, கட்டைவிரல்கள் மட்டும் வேறு யாருடையதோபோல் தடித்துப் பருத்திருக்கும். சைக்கிள் கடையில் அவருக்குப் பெயரே கட்டைவிரல்தான். பந்தய சைக்கிளுக்கு ட்யூப் இல்லாத டயரை மாட்டுவதற்குள் மற்றவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். நெம்பிப் பார்த்து, நகம் பெயர்ந்து, டயரையும் அதைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டுவார்கள். இவர் சக்கரத்தை வயிற்றில் சாய்த்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளுவார். டயர் மறுபேச்சு பேசாமல் ஏறிக்கொள்ளும்.

எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. அதனால் இந்தச் சமாசாரத்தை எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும். உள்ளே ட்யூப் கிடையாது. டயரின் இரண்டு ஓரங்களும் ரிம்மின் இரண்டு பக்கமும் இறுக உட்கார்ந்து காற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றை ஒரே மூச்சில் உள்ளே விடுவார்கள். ஓரம் தன் இடத்தில் போய் உட்காரும்போது வெடி போட்ட மாதிரி சத்தம் வரும். இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. பிறகு வால்வு வழியாக ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றுவார்கள். முள் குத்தினால் அது ஓடிவந்து ஓட்டையை அடைத்துவிடும். கடையில் அதற்குப் பால் என்று பெயர்.

"பால் ஊத்தியாச்சா?" என்று வீட்டுக்குள் பேச்சு வந்தால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அந்த வார்த்தைய இந்த வீட்டுக்குள்ள பேசாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"சரி," என்பார் அத்தான்.

பேசுவது பெரும்பாலும் அத்தானும் வாலுவும்தான். வாலு அவர்களுடைய ஒரே பெண், எனக்கு மருமகள். நடக்கப் பழகியபோது வைத்த பெயர், வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் ஒட்டிக்கொண்டது. என் முடி கொட்டுவதையும் தொப்பை ஏறுவதையும் அவளைப்போல் கிண்டல் செய்ய ஆள் கிடையாது. "மாமா, உங்களுக்கும் கொஞ்சம் காத்து எறக்கணும்" என்பாள். சைக்கிள் பந்தயத்துக்குப் போவாள். ஜெயிப்பாள் என்று சொல்ல முடியாது, ஆனால் விடமாட்டாள். அப்பா மாட்டிக் கொடுத்த டயர் இல்லாமல் ஏறவும் மாட்டாள். அவள் இப்போது இல்லை. அது எப்படி என்று சொல்லத்தான் அத்தானைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

அத்தானுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. கடையின் பின்கட்டு ஒரு குறுகலான அறை. ஜன்னலை ஒட்டிக் காற்று இயந்திரம், அதை ஒட்டி அவர் நிற்கும் இடம். வருஷக்கணக்காக இடது காதுக்குப் பக்கத்தில் அது உறுமியது, டயர்கள் வெடித்து வெடித்து உட்கார்ந்தன. இடது காது சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டது. வலது காதிலும் பாதிதான் மிச்சம். மனிதர் ஒப்புக்கொள்ளவேண்டுமே! "நீங்கதான் முனகுறீங்க" என்பார். காது மிஷின் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். மிஷினோடு கடைக்குப் போனால் கிழவன் என்று ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயம். அதைவிடப் பெரிய காரணம் வீம்பு. டயர் உட்கார்ந்ததா என்று மற்றவர்கள் சக்கரத்தைச் சுற்றவிட்டு, டயர் ஓரத்தில் ஓடும் கோடு சீராக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். இவருக்கு அது இளக்காரம். சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்தே காலம் தள்ளியவர், காது போச்சு என்று எந்த வாயால் சொல்வார்?

அந்த ஓட்டையை அடைக்க அவர் கண்டுபிடித்த பால்தான் "சரி". காதில் விழாததற்கெல்லாம் மண்டையை ஆட்டி ஒரு "சரி" போட்டுவிடுவார். "சாப்பிட வாங்க" என்றாலும் சரி, "உங்கம்மாவுக்கு உடம்பு முடியலையாம்" என்றாலும் சரி. "வீடு எரியுதுன்னு சொன்னாக்கூட சரிம்பாரு இந்த மனுஷன்" என்று அக்கா சொல்லுவாள், நாங்கள் சிரிப்போம். நன்றாகச் சிரித்தோம். வாலு மட்டும் புத்திசாலி. அப்பாவிடம் எதைச் சொல்வதானாலும் வலது பக்கம் போய், தோளைத் தட்டி, முகத்தைத் திருப்பவைத்துவிட்டுத்தான் சொல்வாள்.

கடையில் அவரோடு வேலை பார்ப்பவர் மொட்டை. பெயர்தான் அப்படி, தலைநிறைய முடி. அவருக்கு அத்தானின் காது நிலவரம் வீட்டிலிருந்த எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்தார்? முதலாளியிடம் சொல்லவில்லை, அத்தானிடமும் சொல்லவில்லை. அத்தான் மாட்டி முடித்த ஒவ்வொரு சக்கரத்தையும், அவர் முதுகைத் திருப்பியதும் எடுத்துச் சுற்றவிட்டுப் பார்ப்பார். எங்காவது ஓரம் சரியாக உட்காராமல் கோடு உள்வாங்கியிருந்தால், காற்றை இறக்கி, சோப்புத் தடவி, மறுபடி உட்காரவைத்து அதே இடத்தில் மாட்டிவிடுவார். கூட உழைத்த மனிதனின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனிதர். நல்லவர்கள் செய்த காரியம்தான் இது முழுக்க.

பந்தயத்துக்கு முந்தின நாள் புது டயர்கள் வந்து சேர்ந்தன. கடைக்கு அன்று விடுமுறை. அத்தான் வீட்டுக் கூடத்திலேயே பழைய துணியை விரித்து உட்கார்ந்தார். பழைய டயரைக் கழற்றி, ரிம்மைத் துடைத்து, ஆரக்கால் துளைகளை மூடும் டேப்பை இழுத்து ஒட்டி, வால்வை விரலாலேயே முறுக்கினார். புது டயர் கட்டைவிரலுக்குப் பணிந்தது. வீட்டில் காற்று இயந்திரம் கிடையாது. காற்றைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக விடும் கைப்பம்பு இருந்தது. வாலு அதை அடிக்கும்போது பாடிக்கொண்டே அடித்தாள் என்று அக்கா சொன்னாள். பின்சக்கரம் நன்றாக உட்கார்ந்தது. முன்சக்கரத்தில் ஒரு சத்தம் வந்தது. அத்தான் தலையசைத்தார், பாலை ஊற்றி, காற்றை நிரப்பி, சக்கரத்தைக் குலுக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். அன்று முதுகுக்குப் பின்னால் சுற்றவிட்டுப் பார்க்க மொட்டை இல்லை.

மறுநாள் காலை வாசலில் அக்காவும் அத்தானும் நின்றார்கள். வாலு தலைக்கவசம் மாட்டி, ஷூவைப் பெடலில் பூட்டி, தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தாள். நிற்கவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே அப்பாவைக் கடந்தாள், இடது பக்கமாக.

"முன்னாடி சக்கரம் லேசா துள்ளுதுப்பா. பரவால்லையா?"

"சரிம்மா, சரி," என்றார் அத்தான். மண்டையையும் ஆட்டினார்.

அவள் அந்தச் "சரி"யை எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவே சரி என்று சொன்ன பிறகு எவள் இறங்கிப் பார்ப்பாள்? அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். டயர் விஷயத்தில் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மலையிறக்கத்தில் ஒரு வளைவில் சைக்கிளைச் சாய்த்தபோது முன்டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. பக்கச் சுவரில் போய் மோதினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் மண்டையை ஆட்டி "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. அப்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமலேயே அவ்வளவு ஆத்திரம் வந்தது.

பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் வளைவில் ஜல்லி கிடந்தது என்றார்கள். அத்தான் அந்த ஜல்லியைப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் "வளைவுல ஜல்லி கெடந்துச்சாம்" என்று தணிந்த குரலில் சொன்னார். மொட்டை வந்தார், உள்ளே வராமல் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அவருக்கு ஒரு சத்தம்தாங்க கேக்கும். இன்னொன்னு செவிட்டுப் பக்கம் போயிருக்கும்னு அவரா வச்சுக்குவாரு. ஒன்னு கேட்டா ரெண்டும் உக்காந்துருச்சுன்னு கணக்கு. நான்தான் ஒவ்வொன்னா சரி பண்ணி வச்சேன். நான் அப்படிப் பண்ணாம இருந்திருந்தா, என்னைக்கோ ஒரு நாள் கடையிலேயே மாட்டிக்கிட்டிருப்பாரே!"

அவர் போன பிறகு இதை அக்காவிடம் சொன்னேன். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வாலு கடைசியாகச் சொன்னதை என்னிடம் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு எதுவும் தேவைப்படவில்லை. அத்தானிடம் சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தோம். சொன்னால் மனிதர் தாங்கமாட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். ஆனாலும் அவரையும் வாரிக் கொடுக்க மனசில்லை.

ஆனால் அத்தானுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வாலு தன்னைக் கடந்துபோகும்போது வாய் அசைந்ததைப் பார்த்திருக்கிறார். "போகும்போது என்னமோ சொன்னாளே, என்ன சொன்னா?" என்று அக்காவைக் கேட்பார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பதில் வந்தும் தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, காது மிஷின் எங்க கெடைக்கும்?" என்றார். இத்தனை வருஷம் எழுந்து போனவர்!

கூட்டிக்கொண்டு போனேன். மிஷினை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார், குழாய்ச் சொட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. அவ என்ன சொன்னா?"

"போயிட்டு வரேன்னு சொன்னா," என்றாள் அக்கா. "வேற என்ன சொல்லுவா?"

அத்தான் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அழுதார். குழந்தை போனதிலிருந்து அன்றுதான் வாய்விட்டு அழுதார். எனக்கும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மறுவாரம் கடைக்குப் போனார்.

அங்கே நடந்ததை மொட்டை சொன்னதிலிருந்து சொல்கிறேன். முதல் சக்கரத்தில் காற்றை விட்டதும் படார், படார் என்று இரண்டு சத்தம். அத்தான் திடுக்கிட்டுப்போய், பிறகு லேசாகச் சிரித்தாராம். அடுத்த சக்கரத்தில் ஒன்றுதான் வந்தது. அத்தான் காத்திருந்தார். மிஷினைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு மறுபடி காத்திருந்தார். வரவில்லை. வாழ்க்கையில் செய்யாத காரியமாகக் குனிந்து கோட்டைப் பார்த்தார். ஒரு பக்கம் சீராக இருந்தது, மறுபக்கம் ஓர் இடத்தில் உள்வாங்கியிருந்தது. நிமிர்ந்தபோது மொட்டையின் கை பழக்கதோஷத்தில் அந்தச் சக்கரத்தை நோக்கி நீண்டிருந்தது. அத்தான் அந்தக் கையைப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படிப் பண்ற?"

மொட்டை கையை இழுத்துக்கொண்டார். அத்தான் கையைத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். வேலை நேரத்தில் வந்து நிற்கிறாரே என்று அக்கா பதறி எழுந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஓரம் உட்காராத சக்கரம் ஓடும்போது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா?

"துள்ளுதுன்னு சொன்னாளா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"சொன்னா," என்றாள் அக்கா. "பரவால்லையான்னு கேட்டா. நீங்க சரின்னு சொன்னீங்க."

"சரி," என்றார் அத்தான். இந்தத் தடவை கேட்டுத்தான் சொன்னார்.